வெள்ளத்தன்று திறந்த கதவை மாலை ஐந்து மணிக்கும் திறவுங்கள்

சென்னை மாநகரக் கோயில்களின் அறங்காவலர்கள், தக்கார்கள், செயல் அலுவலர்கள். பங்குத்தந்தையர், ஆயர்கள், பாஸ்டர்கள். பள்ளிவாசல் முத்தவல்லிகள், ஜமாத் நிர்வாகிகள். குருத்வாரா, ஜைன சங்கப் பெரியவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். ஒரே மடலில் இத்தனை பேரையும் சேர்த்துக் கூப்பிடுவது மரியாதைக் குறைவாகப் படலாம். தனித்தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க உங்களிடம் ஒரு ஹால் கேட்கத்தான் இது.

நான் சைதாப்பேட்டைக்காரி. 31 வருடம் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன், ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவேன். என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டை. எங்கள் வீட்டில் மார்கழி காலையில் ஒரு பக்கம் கோலமும் இன்னொரு பக்கம் முணுமுணுப்புமாகத்தான் விடியும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் என்னையும் அவரையும் கைபிடித்துக் கூட்டிப் போனது யாரென்று அந்த இருட்டில் தெரியவில்லை. போய்ச் சேர்ந்த இடம் ஒரு பள்ளிவாசலின் மாடி. மூன்று இரவு அங்கேதான். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவே இரண்டு போர்வையை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். தொழுகை நேரம் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நகர்வோம், முடிந்ததும் மறுபடி விரிப்போம். நீ யார், எந்தத் தெரு, என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வேண்டுமா என்பதுதான். தண்ணீர் வடிந்ததும் அதே பையன்கள் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் முழங்கால் மடக்கிச் சேறு வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம், "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். "கடவுள் இல்லை என்பதில் மாற்றமில்லை. கஞ்சி நன்றாக இருந்தது" என்றார்.

அந்த நாட்களில் கோயில் மண்டபங்கள், கல்யாண மண்டபங்கள், மாதா கோயில் பள்ளிக்கூடங்கள், குருத்வாரா சமையல்கூடம் எல்லாமே இப்படித் திறந்து கிடந்ததை நகரமே பார்த்தது. ஐந்து வருடம் கழித்துக் கொரோனா வந்தபோது, பெற்ற பிள்ளையே கிட்டப் போகப் பயந்த உடலை முஸ்லிம் தொண்டர்கள் வாங்கிக்கொண்டு போய், அவரவர் மதச் சடங்குப்படி அடக்கம் செய்தார்கள். நன்றியைச் சொல்லாமல் குறையைத் தொடங்கினால் என் நாக்கு அழுகிப் போகும். அதனால் முதலில் நன்றி.

இனி குறை.

வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவங்கரையிலும் இருந்த வீடுகள் எடுக்கப்பட்டன. என் வகுப்புப் பிள்ளைகள் பலர் படிப்பாண்டின் நடுவிலேயே நகர விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்குப் போனார்கள். அதற்கு முன்பே, 2000 முதல், கண்ணகி நகருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். செம்மஞ்சேரிக்குப் போனவர்களும் உண்டு. ஆற்றங்கரையில் இருந்தவரை நடந்தே பள்ளிக்கு வந்த பிள்ளை, போன இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு மாதம் வந்தது. அப்புறம் வரவில்லை. ஓய்வு பெற்றதும் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் மாலை பெரும்பாக்கத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 23 பேர், சின்னதுகள் கணக்கில்லை.

அங்கே போய்த்தான் ஒன்று புரிந்தது. நான் போகும்போதெல்லாம் பையில் பிஸ்கட் பாக்கெட் கொண்டு போவேன். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: "டீச்சர், பிஸ்கட் வேணாம். உக்காந்து எழுத இடம் இருந்தா சொல்லுங்க."

கண்ணகி நகரின் பழைய வீடு சுமார் 200 சதுர அடி. பெரும்பாக்கத்து வீடு அதைவிடப் பெரிதுதான். ஆனால் ஒரே ஹாலில் டிவி, பாட்டி, தொட்டில், அப்பா குடித்துவிட்டு வந்த நாளில் அவர் சத்தம். அங்கே சைன், காஸ் போட முடியாது. மாடிப்படியில் உட்கார்ந்தால் பெண் பிள்ளைகளைச் சீண்டுகிறார்கள். லிப்ட் நின்ற அன்றைக்கு ஏழாவது மாடிக்காரப் பிள்ளைகள் கீழேயே இறங்குவதில்லை.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நகரத்தில் பசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றுக்கு வழி செய்ய நிறையக் கைகள் இருக்கின்றன. ரேஷனில் விலையில்லா அரிசி, பள்ளியில் 1982 முதல் சத்துணவு, 2022 முதல் காலை உணவு, 2013 முதல் ஒரு ரூபாய் இட்லி, கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம். ஆடியில் கூழ், ரமலானில் நோன்புக் கஞ்சி, அதற்கு அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழாவன்று மாட வீதியில் நடந்தால் நீர்மோர், பானகம், புளியோதரை என்று கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். நம் சென்னை ஏழுகிணறு பகுதியில் வளர்ந்த வள்ளலார் 1867ல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சோறு போடுவது நம் கைக்குப் பழகிய தருமம். இடம் கொடுக்கத்தான் நமக்கு வரவில்லை.

அந்த இடமோ உங்களிடம் இருக்கிறது. சென்னையில் இன்று ஒரு கிரவுண்டு நிலம் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அந்த விலைக்கு மண்டபம், ஹால், மாடி, கொட்டகை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி எல்லாம் வைத்துக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் மாலை பூட்டி வைத்திருப்பவர்கள், நிறுவனங்களை விட்டால், நீங்கள் மட்டும்தான். கர்ப்பக்கிரகத்தையோ, பீடத்தையோ, மிஹ்ராபையோ நான் கேட்கவில்லை. பக்கத்து ஹாலைக் கேட்கிறேன். கல்யாணம் இல்லாத நாளில் காற்று மட்டும் குடியிருக்கிறதே, அதை.

கேட்கவும் செய்தேன். குடியிருப்புக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் இடங்களுக்கெல்லாம் போனேன். பெயர் சொல்ல மாட்டேன், அடையாளமும் சொல்ல மாட்டேன், எந்த மதம் என்றுகூடச் சொல்லப் போவதில்லை. ஓரிடத்தில், "புதுசா கிரானைட் போட்டிருக்கோம்மா, பிள்ளைங்க மை கொட்டிடும்" என்றார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பால்பாயின்ட் பேனாதான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். இன்னோரிடத்தில், "கமிட்டியில் வைக்கிறோம்" என்றார்கள். கமிட்டி கூடியது, கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பதா, நுழைவாயில் வளைவு கட்டுவதா என்பதில் ஆறு மாதம் போனது என்று கேள்விப்பட்டேன். மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் மனம் விட்டுப் பேசினார்: "டீச்சர், எங்க ஜனங்களோட பிள்ளைங்கன்னா நாளைக்கே சாவி தர்றேன். மத்த மதத்துப் பிள்ளைங்களும் வந்தா, மதம் மாத்துறோம்னு யாராவது வீடியோ எடுத்துப் போடுவான். வயசான காலத்துல எனக்கு ஏன் வம்பு?"

அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பயம் பொய்யல்ல, நாட்டு நடப்பு அப்படி. அதோடு எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: நோட்டுப் புத்தகம் கொடுக்கும் கையாலேயே துண்டுப் பிரசுரமும் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "எங்கள் வழிபாட்டுக்கு வந்தால்தான் டியூஷன்" என்று சொன்னவர்களும் உண்டு. சேரிப் பிள்ளை தண்ணீர்க் குழாயைத் தொட்டதற்குக் குடத்தைக் கவிழ்த்தவர்களும் உண்டு. எல்லாம் எங்கே நடந்தது என்பது அவரவர்க்குத் தெரியும். படிக்க வரும் பிள்ளையிடம் மதம் கேட்காதீர்கள், சாதி கேட்காதீர்கள், ஜெபமோ சுலோகமோ துஆவோ சொல்லச் சொல்லாதீர்கள். வாசலில் ஒரு பலகையில் அதை எழுதி வையுங்கள். அதைப் படித்த பிறகும் வீடியோ எடுக்க வருபவன் வரட்டும், நான் வந்து நிற்கிறேன்.

கடைசியில் எங்களுக்கு இடம் கொடுத்தது யார் தெரியுமா? குடியிருப்புவாசிகளே தெருவோரத்தில் எழுப்பிய ஒரு சின்ன அம்மன் கோயில். கும்பாபிஷேகம்கூட இன்னும் ஆகவில்லை. ஆற்றங்கரையில் இருந்த அதே அம்மனைப் பீடத்தோடு பெயர்த்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அதன் முன்னால் தகரக் கொட்டகை. பூசாரியம்மா பகலில் வீட்டு வேலைக்குப் போகிறவர். "உக்காந்து படிங்க, ஆத்தா என்ன எழுந்து ஓடிடவா போறா?" என்றார். அடுத்த பிளாக்கில் மாடி வீட்டில் ஜெபக்கூடம் நடத்தும் பாஸ்டர் தம்பி 30 பிளாஸ்டிக் நாற்காலி தந்தார், ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ரமலான் மாதத்தில் நான்காவது பிளாக் பாய் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வருகிறது. ஆடி மாதம் முழுக்க ஸ்பீக்கர் சத்தத்தில் பாடம் நடத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மூலக்கூறு என்றால் என்ன?" என்று நான் கேட்க, அம்மன் பாட்டுதான் பதில் சொன்னது.

இல்லாதவர்கள் செய்துவிட்டார்கள். இருப்பவர்களுக்குத்தான் இந்த மடல்.

நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. இது உங்கள் முன்னோர் செய்த வேலை. சோழர் காலத்துக்கே போகலாம்: வாலாஜாபாத் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கையோடு கோயில் நடத்திய ஆதுலர் சாலையை, அதாவது ஆஸ்பத்திரியைப் பற்றி, வைத்தியருக்கு எவ்வளவு, மருந்து கொண்டு வருபவருக்கு எவ்வளவு என்று கூலிக் கணக்கோடு சொல்கிறது. அது ராஜா காலம் என்று தள்ளிவிடுவீர்கள். சரி, இதே சென்னைக்கு வருகிறேன்.

பச்சையப்ப முதலியார் 1794ல் இறந்தபோது, காசி முதல் தெற்கே வரை கோயில் தருமங்களுக்காகச் சொத்தை எழுதி வைத்தார். பணம் பல கை மாறி, வழக்காகி, நீதிமன்றம் வரை போனது. கோயில் கட்டளைகளுக்குப் போக மிச்சம் படிப்புக்கு என்று ஆனது. 1842ல் பள்ளிக்கூடம் வந்தது, பின்னால் கல்லூரி. ஆண்டவனுக்கு எழுதிய பணத்தில் எத்தனை தலைமுறை வக்கீல், வாத்தியார், அமைச்சர் எல்லாம் வந்தார்கள்! ஆனால் ஒன்று, அந்தக் கல்லூரியில் இந்து அல்லாதவர்கள் சேர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவை ஒரு தடவையில் முழுசாகத் திறக்க நமக்கு மனம் வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தாழ்ப்பாளை நகர்த்துகிறோம்.

ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரியை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஸ்காட்லாந்துச் சபை அனுப்பிய டாக்டர் மெட்டில்டா மெக்பெயில் 1888ல் தொடங்கிய சின்ன மருந்தகம் அது. ஆண் டாக்டரிடம் போகக் கூச்சப்பட்ட பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துப்போன காலம். எங்கே ஆஸ்பத்திரி இல்லையோ அங்கே போய் உட்கார்ந்தார் என்பதுதான் நான் கவனிப்பது. ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் 1898ல் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். அவரிடம் நிலம் இல்லை, உண்டியல் இல்லை, ராஜாவும் இல்லை. சித்த வைத்தியமும் தமிழும்தான் கையிருப்பு. 1907ல் அங்கிருந்தே ஒரு பைசாவுக்குப் பத்திரிகை போட்டார். மற்றவர்கள் வாசலில் நிறுத்தி வைத்த மக்கள் உட்கார்ந்து பேசவும் படிக்கவும் ஒரு கூரை கிடைத்தது. நான் கேட்பதும் அந்தக் கூரையைத்தான்.

இன்றைக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. 1795ல் கட்டிய திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு ரமலான் மாதம் ஒரு மாலை போய்ப் பாருங்கள். நோன்பு திறக்க வருபவர்களுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு பரிமாறுகிறவர்களில் பலர் இந்துக்கள். பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்தின் வழி வந்த சூஃபிதார் என்ற அமைப்பின் அன்பர்கள் இவர்கள். மயிலாப்பூரில் சமைத்து எடுத்து வருகிறார்கள், பல பத்தாண்டுகளாக. ஒருவர் இடமும் இன்னொருவர் கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கோயில் அதிகாரிகள் ஒரு பதில் வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்: "1959ஆம் வருட அறநிலையத் துறைச் சட்டம் இருக்கிறதம்மா, கோயில் பணத்தைக் கண்டபடி செலவு செய்ய முடியாது, கோர்ட் கேட்கும்." நியாயம். பக்தர் உண்டியலில் போட்ட காசில் கல்யாண மண்டபம் கட்டலாமா என்பதே நீதிமன்றம் வரை போன விஷயம். ஆனால் நான் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. கட்டி முடித்துச் சும்மா கிடக்கும் மண்டபத்தில் மூன்று மணி நேரம் கேட்கிறேன். கரன்ட் பில் எவ்வளவு கூடுகிறதோ சொல்லுங்கள், வீட்டுக்காரரின் பென்ஷனில் கட்டுகிறேன். கடவுள் மறுப்பாளர் காசு ஆகாது என்றால் என் பென்ஷனில்.

அவர் பக்க வாதத்தையும் இங்கே எழுதாவிட்டால் இந்த மடலைத் தபாலில் சேர்க்க மாட்டார். "இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை. நூலகம் கட்ட வேண்டியது யார்? பஸ் விட வேண்டியது யார்? சாமியார்களிடம் போய்க் கெஞ்சினால் அதிகாரிக்குக் கொண்டாட்டம், கை கழுவிவிடுவான்." பாதி சரி. பள்ளி, பஸ், லிப்ட், ஆரம்ப சுகாதார நிலையம் இதையெல்லாம் நீங்கள் நடத்த வேண்டாம், நடத்தவும் கூடாது. அரசு செய்ய வேண்டியதை நீங்கள் அரைகுறையாகச் செய்தால் எங்களுக்கு இரண்டும் இல்லாமல் போகும். ஆனால் அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். குடியிருப்புப் பெண்கள் 40 பேர் ஒரு அலுவலகத்துக்கு மனுவோடு போனோம், வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். இரண்டாம் முறை ஒரு சாமியாரையும் ஒரு ஹஜ்ரத்தையும் கூட்டிப் போனோம். நாற்காலி வந்தது, டீ வந்தது, மனுவுக்கு எண்ணும் வந்தது. அதே மனு, அதே ஆட்கள்தான். உங்கள் அங்கியிலும் தாடியிலும் திருநீற்றிலும் இப்படி ஒரு காரியம் இருக்கிறது, அதை வருடத்தில் இரண்டு தடவையாவது எங்களுக்குக் கடன் கொடுங்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனால் பங்குத்தந்தை அங்குள்ள பங்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். ஜமாத்திலும் அப்படித்தான், ஊர் மாறினால் நிக்காஹுக்கு ஜமாத் கடிதம் உண்டு. ஆனால் ஆற்றங்கரையிலிருந்து 200 குடும்பங்களை ஒரே வாரத்தில் லாரியில் ஏற்றியபோது எந்தப் பதிவேட்டிலிருந்து எந்தப் பதிவேட்டுக்குப் போனார்கள்? நம் கோயில் திருவிழாவுக்குத் தலைமுறையாக வரி கொடுத்த வீடுகள் இப்போது எங்கே என்று எத்தனை பேர் விசாரித்தீர்கள்? பெரும்பாக்கத்தில் ஒரு பாட்டி இறந்துபோனார். அடக்கத்துக்குப் பழைய இடத்துக்கே கொண்டு போனார்கள், வண்டி வாடகைக்கே கடன் வாங்கினார்கள். கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டம், வின்சென்ட் தே பவுல் சபை, ஜமாத்தின் பைத்துல்மால் என்ற உதவி நிதி, கோயில் திருவிழாக் குழு எல்லாமே வீடு வீடாகப் போய்ப் பழகிய அமைப்புகள். அந்த நடையைக் கொஞ்சம் நீட்டி, 25 கிலோமீட்டர் தள்ளியும் வாருங்கள். உங்கள் ஆட்கள்தான் அங்கே இருக்கிறார்கள். வரும்போது உங்கள் ஆட்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்க்காதீர்கள், பக்கத்துக் கதவையும் தட்டுங்கள்.

சரி, கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலை ஐந்து முதல் எட்டு வரை ஒரு ஹால். அதோடு கழிப்பறைச் சாவி. அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று பெண்களுக்குத் தெரியும்; வயதுக்கு வந்த பிள்ளை டியூஷனை நிறுத்துவதற்குப் பாடம் காரணமில்லை. உங்கள் இடத்துப் பொறுப்பாளர் ஒருவர் அங்கே இருக்கட்டும், பிள்ளைகள் பாதுகாப்பு விஷயத்தில் எங்களையும் நம்ப வேண்டாம், உங்கள் ஆட்களையும் நம்ப வேண்டாம், இரண்டு பெரியவர்கள் எப்போதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். யாராவது இதற்கென்று காசு கொடுத்தால் உண்டியல் எண்ணுகிற மாதிரி ஊர் முன்னால் எண்ணி, நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பகலில் அதே ஹாலில் இரண்டு மின்விசிறிக்குக் கீழே வயசானவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், மேல்மாடியில் தனியாகக் கிடக்கிறவர்கள் நிறையப் பேர்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். மழை அதற்கு முன்னாலேயே வந்துவிடும். கொட்டகையின் மேற்கு மூலையில் தகரம் ஒழுகுகிறது, போன வருடம் கணக்கு நோட்டுகளை அம்மன் பீடத்தின் மேல்தான் காயப் போட்டோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வந்து வாங்கிக்கொள்கிறேன், எட்டேகாலுக்குப் பெருக்கித் துடைத்துத் திருப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மாநகராட்சி ஆசிரியை ஒருத்தி,
சைதாப்பேட்டை (செவ்வாய் முதல் வெள்ளி வரை பெரும்பாக்கம், அம்மன் கோயில் கொட்டகை)